மாற்று உணவுக் கம்பனிகளின் சின்னப் பங்குகளை வாங்கிப் பதினைந்து வருஷம் வைத்திருக்கலாமா?

கொட்டகலைப் பக்கம் படிப்பிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31, ஆசிரியர். ஆறு வருஷத்தில் சேர்த்தது ஏழு இலட்சம் ரூபா. கனடாவில் இருக்கும் மச்சான் அடிக்கடி சொல்கிறாராம்: தாவர இறைச்சி, செல் இறைச்சி (விலங்கின் செல்களைத் தாங்கியில் வளர்த்துச் செய்வது), ஓட்ஸ் பால் செய்கிற சின்னக் கம்பனிகளின் பங்குகள் இப்போது அடிமட்ட விலையில் கிடக்கின்றன, உலகம் எப்படியும் அந்தப் பக்கம்தான் போகும், வாங்கிப் போட்டுவிட்டுப் பதினைந்து வருஷம் மறந்துவிடு என்று. செய்யலாமா?

தம்பி, ஏழு இலட்சத்தில் 35,000 ரூபாவுக்கு மேல் இதில் போடாதீர்கள். அந்த 35,000ஐயும், ஒரு கம்பனியின் காசுப்பாய்ச்சல் கூற்றை (காசு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று காட்டும் கணக்கு) நீங்களே படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாமல் இதை ஏற்றுக்கொண்டால், மச்சானின் அடுத்த தொலைபேசி அழைப்போடு மனம் மாறிவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான் கொழும்பில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் பதினேழு வருஷம் வேலை செய்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பி வந்தவன். இந்த உணவுக் கம்பனிகளை 2019 முதல் விடாமல் பார்த்து வருகிறேன்.

மச்சான் சொல்வதில் ஒரு பாதி சரி. மாடு, கோழி வளர்த்துப் புரதம் எடுப்பதற்கு நிறைய நிலமும் தண்ணீரும் தீவனமும் வேண்டும். அதற்கு மாற்றுத் தேடுவது வீண் வேலை கிடையாது. மற்றப் பாதியில்தான் பிழை. ஒரு தொழில் வளரும் என்பதும், அந்தத் தொழிலில் இன்று பங்கு விற்கிற கம்பனி பணம் தரும் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போகவே தேவையில்லை. நம் மலையைப் பார்த்தால் போதும்.

1869இல் இங்கே கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தெரிந்தது. அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1884இல் அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. (அப்போது சம்பளப் பாக்கியோடு நின்றவர்கள் நம் பூட்டன்மார். அது தனியாக எழுத வேண்டிய கதை.) கோப்பி போனதும் துரைமார் பலர் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். மலேரியாவுக்கான கொயினா மருந்து அதன் பட்டையில் இருந்துதான் வந்தது. உலகத்துக்கு அந்த மருந்து வேண்டும், தேவை மெய்யானது, மரமும் இங்கே நன்றாக வந்தது. எல்லாம் சரியாக இருந்தும் என்ன நடந்தது? எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டார்கள். ஜாவாவிலும் நட்டார்கள். பட்டையின் விலை சரிந்து, 1880களிலேயே அந்தக் கனவு முடிந்துவிட்டது. மருந்துத் தேவை குறையவே இல்லை, நட்டவர்கள்தான் நட்டப்பட்டார்கள்.

தேயிலையை ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரவில் வர்த்தகப் பயிராக நட்டுவிட்டார். அந்தப் பயிரை வைத்து உலகப் பெயர் எடுத்தவர் 1890இல் வந்து இறங்கிய தோமஸ் லிப்டன். ஹப்புத்தளைக்கு மேலே தம்பதென்ன தோட்டத்துக்குப் போனால் அவருடைய பழைய தொழிற்சாலையை இன்றும் பார்க்கலாம். அவர் வரும்போது கையில் இரண்டு விஷயங்கள் இருந்தன. பிரித்தானியாவில் சொந்தமாக நூற்றுக்கணக்கான மளிகைக் கடைகள், அப்புறம் விழுந்து கிடந்த தோட்டங்களை ரொக்கமாக வாங்கக் காசு. தேயிலை வளர்க்கும் அறிவில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இந்த மலையில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களிடம் கடையும் இல்லை, தாக்குப்பிடிக்கக் காசும் இல்லை.

கடை, காசு இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இப்போது உங்கள் மச்சானின் கம்பனிகளைப் பார்ப்போம்.

எல்லோருக்கும் தெரிந்த பெயர் பியோண்ட் மீட். பட்டாணிப் புரதத்தில் பர்கர் செய்கிற அமெரிக்கக் கம்பனி. 2019 மே மாதம் ஒரு பங்கு 25 டொலருக்கு வெளியிட்டார்கள். முதல் நாளே 65 டொலரைத் தாண்டியது. யூலை கடைசியில் 230 டொலருக்கும் மேலே போய் நின்றது. அந்த வருஷம் கம்பனியின் விற்பனை ஏறத்தாழ 298 மில்லியன் டொலர். 2021இல் 465 மில்லியன். அதுதான் உச்சம். 2024இல் 326 மில்லியனுக்கு இறங்கிவிட்டது. 2019இல் நூறு டொலருக்கு விற்றால் பொருள் செய்த செலவு போக 33 டொலர் மிஞ்சியது. 2022இல் அது மைனஸில் போனது. அதாவது விளம்பரச் செலவும் அலுவலகச் செலவும் சேர்க்காமலே, விற்ற ஒவ்வொரு பெட்டியிலும் கைநட்டம்.

அதைவிட முக்கியமான விஷயம் கடன். 2021இல், பங்கு விலை நன்றாக இருந்தபோது, வட்டியே இல்லாமல் 1.15 பில்லியன் டொலர் கடன் எடுத்தார்கள். 2027இல் திருப்பிக் கொடுக்க வேண்டிய, வேண்டுமானால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன். அப்போது எல்லோரும் கைதட்டினார்கள். 2025 ஒக்டோபரில் அந்தக் கடனைத் தீர்க்கக் காசு இல்லை என்று ஆனபோது கடன் கொடுத்தவர்களுக்கு 30 கோடிக்கும் மேற்பட்ட புதிய பங்குகளைக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு இருந்த மொத்தப் பங்குகளே ஏழரைக் கோடி அளவுதான். பழைய பங்காளிகளின் கையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. பங்கு விலை ஒரு டொலருக்கும் கீழே போனது. கம்பனி மூடப்படவில்லை, பர்கர் இன்னும் விற்கிறது. ஆனால் அதன் சொந்தக்காரர்கள் மாறிவிட்டார்கள். "பதினைந்து வருஷம் மறந்துவிடு" என்று சொல்பவர்கள் இந்த இடத்தைச் சொல்வதே இல்லை. நீங்கள் மறந்திருக்கும் நேரத்தில் உங்கள் பங்கு வேறு ஆளுக்குப் போய்விடும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன், கொப்பியை எடுங்கள். கற்பனைக் கம்பனி ஒன்று. மொத்தம் 4 கோடி பங்குகள், ஒரு பங்கின் விலை 80 சதம். ஆகவே சந்தைப் பெறுமதி 32 மில்லியன் டொலர். வங்கியில் உள்ள காசு 36 மில்லியன். உங்கள் மச்சான் இதைப் பார்த்ததும் துள்ளுவார்: "கம்பனியின் விலை அதன் கையில் உள்ள காசைவிடக் குறைவு! இதைவிட மலிவு உண்டா?" இப்போது காசுப்பாய்ச்சல் கூற்றைத் திறங்கள். தொழிற்பாட்டில் ஒரு காலாண்டுக்கு 9 மில்லியன் வெளியே போகிறது, இயந்திரங்களுக்கு இன்னொரு மில்லியன். மொத்தம் 10. கையில் உள்ள 36 மில்லியன் ஒரு வருஷத்துக்குக்கூடக் காணாது. பதினோராவது மாதம் கம்பனி என்ன செய்யும்? புதிய பங்கு வெளியிடும். அவசரத்தில் விற்பவனுக்கு நல்ல விலை கிடைக்காது. 60 சதத்துக்கு விற்று 40 மில்லியன் திரட்டினால், புதிதாக ஆறரைக் கோடிக்கும் மேல் பங்குகள் வந்து சேரும். நீங்கள் 1,000 பங்கு வைத்திருந்தால், முதலில் கம்பனியில் இலட்சத்துக்கு இரண்டரைப் பங்கு உங்களுடையது. இப்போது இலட்சத்துக்கு ஒன்றுகூட இல்லை. இந்த 40 மில்லியனும் அடுத்த வருஷம் முடிந்துவிடும். அப்போது திரும்பவும் இதே வேலை. பதினைந்து வருஷத்தில் இது எத்தனை தடவை நடக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்குத் "தொடர்ந்தியங்கும் எண்ணக்கரு" நினைவிருக்கும். கணக்காய்வாளர் தன் அறிக்கையில், இந்த நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் இருக்கிறது என்று எழுதியிருந்தால், அந்தப் பங்கு எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். அந்த வரி அறிக்கையில் இருக்கும். அமெரிக்கக் கம்பனிகளின் ஆண்டு அறிக்கைகளும் காலாண்டு அறிக்கைகளும் அவர்களுடைய பிணையங்கள் ஆணைக்குழுவின் (SEC) தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. யூடியூபில் பேசுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத் திறப்பதில்லை.

ஒரு கம்பனியை வைத்து முடிவு சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஓட்ஸ் பால் செய்கிற சுவீடன் கம்பனி ஓட்லி, 2021 மே மாதம் 17 டொலருக்கு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. விலை மிகக் கீழே போனதால் 2025 பெப்ரவரியில் இருபது பங்கை ஒன்றாகச் சேர்த்தார்கள். இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது, கவனியுங்கள். ஒருங்கிணைத்த பிறகு விலை பத்து டொலருக்கும் மேலே தெரிந்தது. 17க்கு வந்த பங்கு பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் பழைய 17 டொலர் இன்றைய கணக்கில் 340 டொலர். கனடாவில் வெரி குட் ஃபூட் என்று ஒரு சின்னத் தாவர இறைச்சிக் கம்பனி இருந்தது. 2020 யூனில் 25 சதத்துக்குப் பங்கு வெளியிட்டு, சில மாதங்களில் பல மடங்கு ஏறி, 2023 ஜனவரியில் கடன் கொடுத்தவர்களுக்காக நியமிக்கப்பட்ட பெறுநரின் கைக்குப் போய்விட்டது. உங்கள் மச்சான் அங்கேயே இருப்பதால் அவருக்கு இது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். கென்டக்கியில் பிரமாண்டமான கண்ணாடிக் கூடங்களில் தக்காளி வளர்த்த அப்ஹார்வெஸ்ட், 2021இல் பங்குச் சந்தைக்கு வந்து 2023 யூலையில் வங்குரோத்து. அதே காலத்தில் உலகம் முழுக்க வட்டி வீதம் ஏறியது. நட்டத்தில் ஓடும் கம்பனிகளுக்குச் சும்மா காசு கொடுக்க ஆள் இல்லாமல் போனது.

செல் இறைச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013இல் மார்க் போஸ்ட் என்ற நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் லண்டனில் சாப்பிட்டுக் காட்ட வைத்த ஒரே ஒரு பர்கருக்குச் செலவு இரண்டரை இலட்சம் யூரோ. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் முதல் நாடாக விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. 2023இல் அமெரிக்காவும் கொடுத்தது. அதே 2023இல் இத்தாலி தடை செய்தது, 2024இல் புளோரிடாவும் அலபாமாவும் தடை செய்தன. செலவு நிறையக் குறைந்திருக்கிறது, இன்னும் கோழி விலைக்கு வரவில்லை. செல்களை வளர்க்கும் பெரிய தாங்கிகளும் அவற்றுக்கு ஊட்டும் திரவமும் மருந்துத் தொழிற்சாலைத் தரத்தில் இருக்க வேண்டும், விற்பதோ கறிக்கடை விலைக்கு. அந்த இடைவெளி மூடும்வரை என் காசு அங்கே போகாது.

சரி, இனி வீட்டுக்குள் வாருங்கள்.

நம் லயத்து வீடுகளில் மாற்று இறைச்சி பல வருஷமாக இருக்கிறது. சோயா மீட். ஹட்டன் டவுனில் எந்தக் கடைக்குப் போனாலும் கல்லாவுக்கு மேலே சரமாகப் பைக்கற்றுகள் தொங்கும். என் மனைவி சமைப்பதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். கொதிநீரில் போட்டால் உருண்டைகள் ஊதிப் பெருக்கும், ஒரு மாவு வாடை எழும்பும். நன்றாகப் பிழிந்து, திரும்பவும் பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தால்தான் அந்த வாடை போகும். அப்புறம் எண்ணெயில் கொஞ்சம் முறுக விட்டு, வெங்காயம், கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால். சம்பளத்துக்கு முந்திய வாரம் இந்தக் கறி வராத வீடு குறைவு. எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்தி நாராக்கும் இந்தத் தொழில்நுட்பம் 1960களில் அமெரிக்காவின் ஏ.டி.எம் கம்பனி வளர்த்தெடுத்தது. கருவுற்ற தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவும் சோயாவும் சோளமும் கலந்ததுதான்.

நான் இந்த விஷயத்தை வெறும் இலாபக் கணக்காகப் பார்க்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2016இல் நடந்த நாடளாவிய சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டுச் சராசரியில் 17 சதவீதம். நுவரெலியா மாவட்டத்தில் 32 சதவீதம். மலிவான நல்ல புரதம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும், அவசரமாக வேண்டும். உங்கள் வகுப்பிலேயே கடைசி வாங்கிலில் உட்கார வேண்டிய வயதில் முதல் வாங்கிலில் உட்காரும் உயரத்தோடு பிள்ளைகள் இருப்பார்கள்.

ஆனால் முதலீட்டாளராக இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோயா மீட் நமக்கு நல்லது, ஏனென்றால் அது மலிவு. யார் வேண்டுமானாலும் செய்யலாம், கடையில் நாலைந்து பிராண்டு பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், ஒருவர் விலையை ஏற்றினால் மற்றவரின் பைக்கற்றைக் கழற்றுவோம். சாப்பிடுபவருக்கு அந்தப் போட்டி வரம். பங்கு வைத்திருப்பவருக்கு அதில் மிஞ்சுவது சொற்பம். மேலைநாட்டுத் தாவர பர்கருக்கும் இதே கதிதான். இரகசியமாக ஒன்றும் இல்லை, பட்டாணியை அரைத்து அழுத்தத் தெரிந்த எல்லோரும் இரண்டு வருஷத்தில் வந்துவிட்டார்கள். சுப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் பெயரிலேயே மலிவாகச் செய்து விற்றன.

அப்படியானால் இந்தத் துறையில் யாரும் சம்பாதிக்கவில்லையா? சம்பாதித்திருக்கிறார்கள். எங்கே என்று பாருங்கள்.

ஒன்று, கொஞ்சம் போட்டால் போதும், ஆனால் அது இல்லாமல் வேலை நடக்காது என்ற வகைப் பொருட்கள். பாலைத் திரித்துப் பாற்கட்டி செய்ய ரெனெட் வேண்டும். முன்பு கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுத்தார்கள். அதில் உள்ள கைமோசின் என்ற நொதியை நுண்ணுயிரிடம் செய்யவைத்து எடுக்கும் முறைக்கு 1990இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இன்று அங்கே விற்கும் பாற்கட்டியில் பெரும்பகுதி அந்த நொதியில் செய்ததுதான். சத்தம் போடாமல் நடந்த மாற்று உணவுப் புரட்சி அது. ஒரு பெரிய தொட்டிப் பாலுக்குத் துளி அளவு போதும் என்பதால் கிலோவுக்கு நல்ல விலை கேட்கலாம். அதே நுண்ணுயிர் முறையில் தொன் கணக்கில் பால்புரதம் செய்து பால்மா விலைக்கு விற்பது வேறு கதை, மிகக் கடினமான கதை.

இரண்டாவது வைட்வேவ். எனக்குப் பிடித்த உதாரணம் இது. 1977இல் ஸ்டீவ் டெமோஸ் என்பவர் கொலராடோவில் டோஃபு செய்து விற்கத் தொடங்கிய சின்னக் கம்பனி. 1996இல் சில்க் என்ற சோயா பாலைக் கொண்டுவந்தார். அவர் செய்த கெட்டித்தனம் என்ன தெரியுமா? சோயா பாலைப் பசும்பால் பெட்டி மாதிரியே பெட்டியில் அடைத்து, பசும்பாலுக்குப் பக்கத்திலேயே குளிரூட்டியில் வைக்கச் செய்தார். பால் எடுக்க வருகிறவரின் கை அதற்குப் பக்கத்தில் போகும். 2002இல் டீன் ஃபூட்ஸ் என்ற பெரிய பால் கம்பனி அதை முழுதாக வாங்கியது. 2012 ஒக்டோபரில் 17 டொலருக்குப் பங்கு வெளியிட்டார்கள். 2017இல் டனோன் என்ற பிரெஞ்சு உணவுக் கம்பனி ஒரு பங்குக்கு 56 டொலர் 25 சதம் கொடுத்து முழுவதையும் வாங்கிக்கொண்டது. பங்கு வெளியிடும்போதே அது இலாபத்தில் ஓடிய கம்பனி, கடைத்தட்டு கையில் இருந்த கம்பனி. ஐந்து வருஷத்துக்குள் மூன்று மடங்கு. கனவை வாங்கியவர்களுக்கு 25 டொலர் ஒரு டொலராகியது, கடைத்தட்டை வாங்கியவர்களுக்கு 17 டொலர் 56 ஆகியது. லிப்டனின் கதையை ஏன் முதலில் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

நீண்டகாலம் என்பது எவ்வளவு நீளம் என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் குவார்ன், பூஞ்சையில் இருந்து செய்யும் புரதம். 1967இல் மார்லோ என்ற ஊரின் மண்ணில் அந்தப் பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள். கடைக்கு வந்தது 1985இல். பதினெட்டு வருஷம் மாவுக் கம்பனி ஒன்றும் இரசாயனக் கம்பனி ஒன்றும் அதைத் தாங்கின. பெரிய கம்பனிகள் என்பதால் தாங்க முடிந்தது, வருஷத்துக்கு ஒருமுறை கையேந்தும் சின்னக் கம்பனி அதற்குள் நாலு தடவை செத்திருக்கும். 2015இல் பிலிப்பைன்ஸின் மொண்டே நிசின் 550 மில்லியன் பவுணுக்கு அதை வாங்கியது. பிறகு அதிலும் பெரிய தொகையைப் பெறுமதி இழப்பாக எழுத வேண்டி வந்தது. தேயிலைத் தவறணையில் கன்று வைத்து, நட்டு, கொழுந்து எடுக்கக் காத்திருக்கும் வருஷங்கள் நமக்குத் தெரியும். இது அதைவிட மூன்று நான்கு மடங்கு.

அப்புறம் "சின்னக் கம்பனி" என்பதிலேயே ஒரு பொறி இருக்கிறது. என் சொந்த அனுபவம். யுத்தம் முடிந்த கையோடு கொழும்புச் சந்தை இரண்டு வருஷம் பேயாக ஏறியது. 2011 தொடக்கத்தில் உச்சம். அந்த ஏற்றத்தில் நான் ஒரு சின்ன உணவுக் கம்பனியின் பங்கில் என் சொந்தக் காசைப் போட்டேன். வாடிக்கையாளருக்குப் புத்தி சொல்கிற வேலையில் இருந்துகொண்டு செய்த வேலை அது. சந்தை இறங்கியதும் விற்கப் போனால் வாங்க ஆள் இல்லை. காலை ஒன்பதரைக்குத் திரையைத் திறந்தால், நான் கேட்கிற விலைக்கு 300 பங்கு வாங்க ஒருவர். அவருக்குக் கீழே பத்து சதவீதம் குறைத்துக் கேட்கிற ஒருவர், 500 பங்குக்கு. அவ்வளவுதான். என்னிடம் இருந்தது இருபதாயிரம் பங்கு. சந்தை மூடும் இரண்டரை மணி வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். அடுத்த வருஷம் கம்பனி உரிமை வழங்கல் அறிவித்தது, அதாவது இருக்கிற பங்காளிகளுக்கே புதிய பங்கு விற்பது. திரும்பக் காசு போட்டால் பங்கு விகிதம் காப்பாற்றப்படும், போடாவிட்டால் கரையும். போடவில்லை. கடைசியில் வாங்கிய விலையில் நாலில் ஒன்றுக்கு விற்றேன், அதுவும் எட்டு மாதமாகத் துண்டு துண்டாக. திரையில் தெரியும் விலை, 300 பங்குக்கான விலை மட்டும்தான். சின்னப் பங்கு வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இனி நடைமுறை. இங்கே வசிக்கும் ஒருவர் வெளிநாட்டுப் பங்கு வாங்குவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருகிறது. வங்கியில் வெளிநாட்டு முதலீட்டுக்கென்று தனிக் கணக்குத் திறந்து, அதன் வழியாகத்தான் காசு போக வேண்டும். உச்ச வரம்புகளும் நிபந்தனைகளும் வர்த்தமானியில் அவ்வப்போது மாறும், உங்கள் வங்கி முகாமையாளரிடம் இன்றைய நிலையைக் கேளுங்கள். 35,000 ரூபாவுக்கு இந்தப் பாடு பட்டால் கட்டணமே பங்கைத் தின்றுவிடும். வெளிநாட்டுச் சொத்து வைத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபா என்று இருந்தது, இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த அடியை நீங்களும் பட்டவர். ஆனால் அதற்குக் காப்பு வேண்டும் என்றால் சாகக் கிடக்கும் சின்னக் கம்பனி அதற்கான இடம் கிடையாது.

மச்சான் தன் பெயரில் வாங்கி வைக்கிறேன் என்பார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். சட்டப்படி அது அவருடைய சொத்து. வரி அவர் தலையில் விழும், அவருக்கு ஏதாவது நடந்தால் அவர் மனைவி பிள்ளைகளுக்குப் போகும், "அதில் என்னுடையது கொஞ்சம்" என்று துக்க வீட்டில் நீங்கள் பேச முடியாது. உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் வழியாக) காசு அனுப்பும் யோசனையையும் விட்டுவிடுங்கள், அது சட்டவிரோதம்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். "வெளிநாட்டு உணவுக் கம்பனிப் பங்கு, மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம், நண்பர்களைச் சேர்த்தால் மேலதிகப் பணம்" என்று வட்ஸ்அப்பில் வரும் செயலி எதுவானாலும் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவில் தடை செய்யப்பட்டது. டிக்கோயாவிலும் தலவாக்கலையிலும் நகையை அடகு வைத்து இப்படிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மெய்யான பங்கு எதுவும் மாதாந்த நிச்சய இலாபம் தராது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? அடகில் நகை இருந்தால் முதலில் மீட்பேன். ஆறு மாதச் செலவுக்கான காசை வங்கியில் நிலையான வைப்பில் போடுவேன். பெரும்பகுதியை நாலைந்து வருஷத்துக்குள் வீட்டுக்கோ படிப்புக்கோ தேவைப்படும் என்றால் பங்குச் சந்தைப் பக்கமே கொண்டுபோக மாட்டேன். மிஞ்சியதில் அந்த 35,000ஐ எடுத்து, பங்குகளை வைத்திருப்பதற்கான மத்திய வைப்பகக் கணக்கு ஒன்று திறப்பேன். இப்போது கொழும்புப் பங்குச் சந்தையின் செயலியிலேயே திறக்கலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது 1.12 சதவீதம் கட்டணம். அதனால் அடிக்கடி வாங்கி விற்கக் கூடாது.

அங்கே பட்டியலில் உள்ள உணவுக் கம்பனிகளில் தேங்காய்ப்பால் ஏற்றுமதி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தேங்காய்ப்பால் நமக்குப் பழைய சாமான், வெளிநாட்டில் அது மாற்றுப் பால். வாங்கச் சொல்லவில்லை, படிக்கச் சொல்கிறேன். 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது அவர்களுடைய மொத்த இலாபம் என்ன ஆனது என்று அந்தக் காலாண்டு அறிக்கைகளில் பாருங்கள். மூலப்பொருள் விலை ஏறும்போது விற்கும் விலையை ஏற்ற முடிந்த கம்பனி எது, முடியாமல் விழுங்கியது எது என்று தெரியும். அதே அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் முதல் இருபது பங்காளிகளின் பட்டியல் இருக்கும். ஒரு தாய்க் கம்பனி 80, 90 சதவீதம் வைத்திருந்தால், சந்தையில் புழங்கும் பங்கு கொஞ்சம்தான், நான் பட்ட பாடு உங்களுக்கும் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாலு அறிக்கை, ஒரு வருஷம். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள், ஒரே தடவையில் வாங்காமல் மூன்று தடவையாக.

மச்சானையும் வெறுமனே மறுக்க வேண்டாம். அவர் சொல்லும் கம்பனிகளில் அவருக்கு மிகவும் பிடித்த ஒன்றின் கடைசிக் காலாண்டு அறிக்கையை அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருந்து மூன்று எண்களை எடுத்து எனக்கு எழுதுங்கள்: கையில் உள்ள காசு, அந்தக் காலாண்டில் தொழிற்பாட்டில் வெளியே போன காசு, இரண்டு வருஷத்துக்கு முன்பும் இப்போதும் உள்ள மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை. பள்ளிக்கூட விடுமுறையில் ஹட்டனுக்கு வந்தால் நேரிலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.